கேட்காமல் கொடுத்த சேலை

எனக்கு எழுத்து ஓடாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஒற்று எங்கே போட வேண்டும், எங்கே போடக்கூடாது என்பது இன்றுவரை பிடிபடவில்லை. போதாததற்கு மறதி வேறு. போன வாரம் இந்தப் பத்திரிகையில் அம்மாவுக்கு இரண்டு மூக்குத்தி என்று எழுதிவிட்டேன். ஒன்றுதான் என்று ராணி போனில் பிடித்துத் திட்டினாள். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வாரம்தான் முதலில் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் சுந்தரி. திருநங்கை. எழுபது தாண்டிவிட்டது. திருவானைக்காவலில், ரயில் பாதைக்குப் பக்கத்துச் சந்தில், கோகிலாம்மா வீட்டில் மகளாக வளர்ந்தவள். பெற்றவள் வேறு. இது எங்கள் ஜமாத்து, அதாவது திருநங்கைகள் கூட்டத்து முறைப்படி தத்து எடுத்த அம்மா. ராணியும் அதே வீட்டு மகள், எனக்கு இளையவள்.

இன்றைக்கு எழுதப்போவது பெருமையான சங்கதி இல்லை. நான் செய்த தப்பு.

சூடான பெஞ்சு

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. ஒரு நாள் காலை பத்து, பத்தரை இருக்கும். சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் ஒரு சிமெண்டு பெஞ்சில் நானும் செல்வியும் உட்கார்ந்திருந்தோம். பெஞ்சு சேலையைத் தாண்டிச் சுட்டது. பட்டாணி வறுக்கிற வாசனையும் மூத்திர நாற்றமும் மாறி மாறி வந்தன.

செல்விக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பச்சைச் சேலை கட்டியிருந்தாள். முடி தோள்வரை வளர்ந்திருந்தது. மடியில் ஒரு ரெக்ஸின் பை. உள்ளே பழைய பாவாடை இரண்டு, மஞ்சள், நல்லெண்ணெய், வெந்நீருக்கு ஒரு சொம்பு. ஆபரேஷனுக்குப் போகிறவளுக்கு வேண்டிய சாமான்கள். ஆணாய்ப் பிறந்த உடம்பைத் திருத்திக்கொள்கிற ஆபரேஷன் அது. நாங்கள் அதை நிர்வாணம் என்போம். கூடப் போய்ப் பார்த்துக்கொள்ள அம்மா என்னை அனுப்பியிருந்தார். எந்த ஊருக்குப் போனோம் என்பது வேண்டாம். அந்த டாக்டரும் இப்போது இல்லை.

ஆபரேஷன் முடிந்து நாற்பது நாள் பால் தொடக்கூடாது. கண்ணாடி பார்க்கக்கூடாது. ஆம்பளை முகத்தில் விழிக்கக்கூடாது. அதற்கப்புறம் காவேரியில் பால் ஊற்றிவிட்டு வந்தால்தான் எல்லாம். அதனால் பஸ் ஏறுமுன் போகிறவளுக்கு ஒரு பால் டீ வாங்கிக் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். வாங்கிக் கொடுத்தேன். செல்வி கிளாசைப் பிடித்தபடியே இருந்தாள். ஆடை படிந்துவிட்டது.

கண்டக்டர் வந்து சொன்னார்: "வண்டி பஞ்சருங்க. ஒரு மணி நேரம் ஆகும். உக்காந்திருங்க."

நான் செல்வியைப் பார்த்தேன். அதுவரை சுண்ணாம்பாக வெளுத்திருந்த முகத்தில் ரத்தம் ஓடியது. ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டு டீயை ஒரே மூச்சில் குடித்தாள்.

எனக்கு அது உறுத்தியது. அது ஏன் என்று சொல்ல ஏழெட்டு மாதம் பின்னால் போக வேண்டும்.

வந்தவர்களைக் கேட்பதில்லை

செல்வி எங்கள் வீட்டுக்கு வந்தபோது பெயர் செல்வராசு. துறையூர்ப் பக்கம். வெங்காயம் போடுகிற குடும்பம். கட்டம்போட்ட லுங்கி, கையில் மஞ்சப்பை, இடது புருவத்துக்கு மேல் காயாத வெட்டு. வாசலில் வந்து நின்றான். எதுவும் பேசவில்லை.

அப்போதெல்லாம் எங்களைத் திருநங்கை என்று யாரும் சொன்னதில்லை. அந்த மரியாதையான சொல் எல்லாம் பிற்பாடு வந்தது. தெருவில் எங்களைக் கூப்பிட்ட சொற்களை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் வீட்டில் இடமில்லாமல் போனவனுக்கு எங்கள் சந்து தெரிந்திருந்தது. யாரோ சொல்லி அனுப்புவார்கள். பெரும்பாலும் திட்டுகிற சாக்கில்தான் சொல்லியிருப்பார்கள்.

கோகிலாம்மா வீட்டில் ஒரு சட்டம் உண்டு. வந்தவர்களிடம் ஏன் வந்தாய் என்று கேட்கக்கூடாது. அம்மா சொல்வார்: "அதுங்க கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான்டி ஓடி வந்திருக்கு. நாமளும் கேக்கணுமா? சோத்தப் போடு."

அம்மா போலீஸ் ஸ்டேஷனில், ஆஸ்பத்திரியில், பெற்றவர்களிடத்தில் கேள்விக்குப் பதில் சொல்லியே நொந்தவர். அதனால் வந்த சட்டம். எனக்கும் அப்படித்தான் சோறு போட்டார். முதல் நாள் முருங்கைக்காய் சாம்பார். இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் எனக்குக் கண் கலங்கும்.

செல்வராசுவுக்கும் சோறு போட்டோம். மூன்று நாள் தூங்கினான். நாலாம் நாள் எழுந்து, கேட்காமலே வெங்காயம் உரித்தான். அழாமல் ஒரு படி உரித்தான். "எங்கூர்ல இது பொறந்ததுலேர்ந்து பழக்கம்கா" என்றான்.

பையிலிருந்த போட்டோ

நான் வெளியே போகக் கூச்சப்படுவேன். மற்றவர்கள் கடை கேட்கப் போவார்கள், அதாவது கடை கடையாகப் போய்க் கை தட்டிக் காசு வாங்குவது. நான் வீட்டில் சமையல். அதனால் செல்வராசு என் கண் முன்னால்தான் இருந்தான்.

ஒரு நாள் பெருக்கும்போது அவன் மஞ்சப்பை ஆணியிலிருந்து விழுந்தது. உள்ளே ஒரு போட்டோ. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு, மேலே வாரிய முடியோடு ஒரு பையன். ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் வரைந்த ரோஜாத் தோட்டம். போட்டோவின் ஓரமெல்லாம் விரல் பட்டுத் தேய்ந்திருந்தது.

அதைப் பார்த்ததும் நான் முடிவு கட்டிவிட்டேன். அம்மாவிடம் போய்ச் சொன்னேன்: "அம்மா, இவ நம்ம பொண்ணுதான். சந்தேகமே இல்ல."

எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆம்பளை மேல் ஆசை இருந்தால் உள்ளே இருப்பது பொம்பளை. வேறு என்னவாக இருக்க முடியும்? ஆம்பளையாகவே இருந்துகொண்டு ஆம்பளையை விரும்புவது என்று ஒன்று உண்டென்று எங்களில் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை. இதில் வேடிக்கை, எனக்கே அந்தக் கணக்கு ஒத்துவராது. எனக்கு எந்த ஆம்பளை மேலும் ஆசை வந்ததில்லை. பொம்பளையாக இருந்தால் போதும் என்றுதான் இருந்தேன். ராணி கேலி செய்வாள்: "இவளுக்கு மாப்பிள்ளையே வேணாம், ஒரு பீரோ நெறைய சேலை போதும்." அதை நான் கூச்சத்தில் மறைத்துக்கொண்டேனே தவிர, அதிலிருந்து ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

ஜமாத்தில் ஒருத்தியைச் சேர்க்க, தெரிந்தவள் ஒருத்தி எழுந்து நம்ம பொண்ணு என்று சொல்ல வேண்டும். நான் எழுந்து சொன்னேன். வெளி வீட்டுப் பெரியவர்கள் தலையில் முந்தானை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா அவனை மடியில் சாய்த்துக்கொண்டு, பச்சைச் சேலை கொடுத்து, செல்வி என்று பெயர் வைத்தார். எல்லோரும் சர்க்கரை வாயில் போட்டுக்கொண்டோம். அவன் கும்பிட்டான். அழுதான். எல்லோரும்தான் அன்றைக்கு அழுவோம்.

மீட்டிங் கைதட்டல்

அதற்கப்புறம் நான் பார்த்தும் பார்க்காமல் விட்டவை நிறைய.

ராணி அவளுக்குக் கை தட்டக் கற்றுக்கொடுத்தாள். எங்கள் தட்டல் வேறு. விரலை விரித்து, உள்ளங்கையோடு உள்ளங்கை மோத வேண்டும். டப்பென்று வெடிக்க வேண்டும். செல்விக்கு வரவே இல்லை.

"ஏண்டி, கட்சி மீட்டிங்ல தலைவர் பேசி முடிச்ச மாதிரி தட்டுற?" என்பாள் ராணி.

"வரலையேக்கா."

"இடுப்பக் கொஞ்சம் ஒடி. வெங்காய மூட்டையத் தூக்கி வச்ச மாதிரி நிக்காத."

எல்லோரும் சிரிப்போம். செல்வியும் சிரிப்பாள். எது சொன்னாலும் சரிக்கா, சரிக்கா. சேலை கட்டு, சரிக்கா. மீசையை எடு, சரிக்கா. மீசை எடுத்த அன்றைக்குக் கிணற்றடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் மீசை எடுத்த நாளில் தெருவெல்லாம் ஓடிப் போய்க் காட்ட வேண்டும் போலிருந்தது, இத்தனை கூச்சப்படுகிற எனக்கே. அது ஞாபகம் வந்தது. ஆனாலும், ஒவ்வொருத்திக்கு ஒவ்வொரு மாதிரி என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்குள் வந்ததும் சேலையை அவிழ்த்துவிட்டு லுங்கிக்கு மாறுவாள். கிராமத்துப் பிள்ளை, வேர்க்கும் என்று நினைத்தோம். ஆபரேஷன் பற்றி அம்மா சொன்னபோதும் சரிம்மா என்றாள்.

மறுபடி பெஞ்சு

இப்போது பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறேன்.

நான் ஆபரேஷனுக்குப் போன நாளிலும் பஸ் தாமதம். எனக்கும் உயிர்ப் பயம் இருந்தது. ஆனால் பஸ் வராது என்று யாரோ சொன்னதும் விக்கி விக்கி அழுதேன். "பஸ் என்ன உன் மாமனாடி, வரலைன்னு இந்த அழுகை அழுவுற?" என்று அம்மா தலையில் குட்டினார். எனக்குப் போயாக வேண்டும். செத்தாலும் பரவாயில்லை, போயாக வேண்டும்.

பஸ் தாமதம் என்றதும் இவளுக்குப் பசி வந்துவிட்டது. "அக்கா, ஒரு வடை சாப்பிடலாமா?" என்று கேட்டாள்.

வடை வாங்கிக் கொடுத்தேன். அவள் தின்று முடிக்கும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். கேட்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். நம்ம பொண்ணு என்று சபையில் சொன்னவள் நான். கேட்டு, அவள் வேறு பதில் சொல்லிவிட்டால், தலைகுனிவு எனக்கு. கேட்காமல் விட்டால் சாயங்காலத்துக்குள் அந்த ஊர் வந்துவிடும். மறுநாள் கத்தி வைத்துவிட்டால், வைத்ததுதான்.

கேட்டேன்: "செல்வி, உனக்குப் பொம்பளையா இருக்கணும்னு இருக்கா?"

வடை சுற்றிய பேப்பரை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"எங்கிட்ட சொல்லுப்பா."

ஆம்பளைப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி அப்பா என்று என் வாயில் எப்படி வந்ததோ தெரியவில்லை. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"இல்லக்கா. எனக்கு அப்படி எப்பவுமே இருந்ததில்ல. நான் இப்படியே இருந்து அவனோட இருக்கணும், அவ்ளோதான்."

"போட்டோல இருக்கறவனா?"

"ஆமா. ரெண்டு பேரையும் ஒண்ணாப் பாத்துட்டுத்தான் எங்கண்ணன் அருவாள எடுத்தாரு."

"அப்ப ஏன் இத்தன நாளு சொல்லல?"

"நீங்க யாரும் கேக்கலயேக்கா. நானா சொன்னா போன்னு சொல்லிருவீங்களோன்னு பயந்துட்டேன். எனக்குப் போக வேற எடம் இல்ல."

இடத்துக்காக உடம்பைக் கொடுக்க வந்து உட்கார்ந்திருக்கிறான். அந்த இடம் எங்கள் வீடு. நான் அவன் மடியிலிருந்த பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். டவுன் பஸ் பிடித்துத் திருவானைக்காவலுக்கே திரும்பினோம். காவேரிப் பாலத்தில் காற்று அடித்தபோது அவன் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். உள்ளே இழுத்துக்கொள்ளச் சொன்னேன். மாட்டேன் என்றான். எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து அவன் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மகன் என்று ஒரு முறை இல்லை

அம்மா கோபப்படவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. அரிசி களைந்துகொண்டிருந்தவர் கையைத் துடைக்காமலே உட்கார்ந்துவிட்டார். ஈரக் கையாலேயே அவன் கன்னத்தைப் பிடித்து, "பாவி, வெட்டிட்டு வந்திருந்தா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு..." என்று பாதியில் நிறுத்தினார்.

ஆனால் அது அம்மாவோடு முடிகிற விஷயம் இல்லை. சபையில் சேர்த்ததைச் சபையில்தான் தீர்க்க வேண்டும். அடுத்த வாரம் ஒரு மத்தியானம் பெரியவர்கள் வந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாப்பு நானிதான் எல்லோருக்கும் மூத்தவர். நானி என்றால் எங்கள் முறையில் பாட்டி. வெற்றிலை போட்டுக்கொண்டே பேசுவார். துப்புவதற்காக நிறுத்தும்போதெல்லாம் அடுத்து என்ன சொல்வாரோ என்று நாங்கள் அவர் வாயையே பார்ப்போம்.

"இவளுக்குச் சாட்சி சொன்னது யாரு?" என்றார்.

நான் எழுந்தேன். முந்தானையை இரண்டு கையாலும் விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்படியே நின்றேன். "நான்தான் நானி. என் தப்பு. அவங்கிட்ட கேக்காம நானா முடிவு பண்ணிட்டேன்" என்றேன்.

"சரி. ஒண்ணு அவ சேலை கட்டிக்கிட்டு இருக்கட்டும். இல்லன்னா நடையக் கட்டட்டும். லுங்கி கட்டுன ஆம்பளைய வீட்டுல வச்சா ஊரு என்ன பேசும்? வீட்டுக்காரன் சும்மா விடுவானா? போலீசு வந்தா யாரு பதில் சொல்றது? ஏற்கெனவே நம்ம பொழப்பு நாறிக் கெடக்கு."

நானி சொன்னதில் பொய்யில்லை. அந்தப் பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. ராணிகூடத் தலையைக் குனிந்துகொண்டாள். செல்வராசு கதவோரம் எழுந்து நின்று மஞ்சப்பையை எடுத்துவிட்டான்.

"பைய ஆணியில மாட்றா" என்றார் அம்மா. பிறகு நானியைப் பார்த்து: "இவன எம்புள்ளைன்னு உங்க முன்னாடி சொன்னேன். மகள்னு சொன்னது தப்பு, அத மாத்திக்கிறேன். புள்ளன்னு சொன்னத மாத்த மாட்டேன்."

"மகன்னு ஒரு முறை நம்ம ஜமாத்துல கெடையாது கோகிலா."

"நம்மளப் பெத்த வீட்டுல நமக்கும்தான் முறை கெடையாதுன்னாங்க நானி."

நானி வெற்றிலையைத் துப்பவில்லை. விழுங்கிவிட்டார். எழுந்து போய்விட்டார்.

எங்கள் வீட்டைத் தள்ளி வைத்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் யார் வீட்டு விசேஷத்துக்கும் அழைப்பில்லை. கூவாகம் திருவிழாவுக்கு நாங்கள் மட்டும் தனியாகப் போய்த் தாலி கட்டிக்கொண்டு தனியாகத் திரும்பினோம். நானி இறந்த செய்தி ஒரு வாரம் கழித்துத்தான் எங்களுக்கு வந்தது. அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் அவனை வைத்துக்கொண்டதற்காக ஒரு வார்த்தை வருத்தமாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அளவெடுத்தவன்

அவனுக்கு எங்கே வேலை கிடைக்கும் என்று யோசித்தோம். எங்களுக்கு ஜாக்கெட் தைக்க எந்தத் தையற்காரரும் அளவெடுக்க மாட்டார். பழைய ஜாக்கெட்டைக் கொடுத்தால் கம்பியால் தூக்கிப் பார்ப்பார்கள். ஏதோ ஒரு அளவில் தைத்துத் தருவார்கள். கை தூக்கினால் கிழியும். அம்மா பழைய தையல் மெஷின் ஒன்று வாங்கிப் போட்டார். செல்வராசு ராணியின் ஜாக்கெட் நாலைப் பாழாக்கித் தொழிலைக் கற்றுக்கொண்டான்.

"இவன் கை தட்டுனதே தேவலாம்" என்றாள் ராணி.

அவன் தைத்த முதல் சரியான ஜாக்கெட் எனக்குத்தான் வந்தது. அரக்கு நிறம். டேப்பைத் தோளில் வைத்து, "அக்கா, மூச்ச இழுத்துப் புடிக்காதீங்க" என்றான். வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் அருவருக்காமல் என்னை அளவெடுத்தார்.

பிறகு அந்தப் போட்டோப் பையனும் ஒரு நாள் வந்து சேர்ந்தான். காலர் மடங்கிக் கிடந்தது. அவனுக்கும் சோறு போட்டோம். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு அம்மா கேட்டார்: "உனக்கு என்ன வேணும்? நீ எப்படி இருக்கணும்?" அவன் செல்வராசுவைப் பார்த்தான். அதற்கப்புறம் வந்த எல்லோரிடமும் அம்மா அதைக் கேட்டார். லால்குடிப் பக்கமிருந்து இரண்டு பெண்பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு வந்தார்கள். எங்களைப் பிரிக்காம இருந்தா போதும் என்றார்கள். பெண்ணாய்ப் பிறந்து, இல்லை, நான் ஆண்தான் என்று சொன்ன ஒருவன் வந்தான். அவனுக்கு செல்வராசு சட்டை தைத்துக் கொடுத்தான். இப்படிப்பட்டவர்களுக்கெல்லாம் என்ன பெயர் என்று எங்களுக்குத் தெரியாது. எல்லோருக்கும் பாய் இருந்தது.

இந்த வருஷம் திருச்சியில் பிள்ளைகள் வானவில் கொடி பிடித்து ஊர்வலம் போனார்கள். என்னை முன்னால் நடக்கச் சொன்னார்கள். நான் கூச்சப்பட்டு நடுவில் நடந்தேன். துவாக்குடியில் இஞ்சினீயருக்குப் படிக்கிற ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாட்டி, அந்தக் காலத்துல எங்கள மாதிரி ஆளுங்கல்லாம் எங்க இருந்தாங்க?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுலதான் கண்ணு" என்றேன். வேறு எங்கே இருந்திருப்பார்கள்?

பத்திரிகைத் தம்பிக்கு

தம்பி, இதில் எனக்குச் சந்தேகமான இடங்கள் இருக்கின்றன. சேலை பச்சையா, கிளிப்பச்சையா? நானி சொன்னது அதே வார்த்தைகள்தானா? தள்ளி வைத்தது ஒரு வருஷமா, இரண்டா? ராணியைக் கேட்டால் சண்டைக்கு வருவாள். அம்மா இல்லை.

செல்வராசு என்பது நான் மாற்றி வைத்த பெயர். உண்மைப் பெயரும் விலாசமும் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அவனும் அந்தப் போட்டோப் பையனும் சேர்ந்துதான் தையல் கடை வைத்திருக்கிறார்கள். இருவருக்கும் அறுபது நெருங்குகிறது. அச்சுக்குப் போகுமுன் யாராவது நேரில் போய் முழுவதையும் படித்துக் காட்டி, தப்பைத் திருத்தி, போடலாமா என்று செல்வராசுவிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் கிழித்துப் போட்டுவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. சரி என்று உடனே சொல்லிவிட்டானானால் நம்பாதீர்கள். இரண்டு நாள் விட்டு, மறுபடி போய்க் கேளுங்கள்.